இரத்தக் குழாய்ப் புடைப்பு: ஒரு சகோதரியின் கடிதத்திற்கு மறுமொழி



இப்பகுதிக்கு மாதந்தோறும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சர்க்கரை நோய், மூட்டுவலி, குழந்தைகளின் இருமல் ஆகியவற்றைப் பற்றியவை. அவற்றுக்குச் சில வரிகளில் விடை கூறிவிட இயலும். இம்முறை வந்த கடிதமொன்று அவ்வாறு சில வரிகளில் அடங்கக்கூடியதன்று. ஆதலின் ஏனைய கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே அளிக்கின்றேன். எழுதியவரின் பெயரும் ஊரும் வேண்டா. செய்தி மட்டும் போதும்.

அச்சகோதரியின் கணவருக்கு வயது 48. இரத்தக் கொதிப்புக்குச் சில ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வருபவர். சில மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். தலையில் சிறு காயந்தான். எனினும் முன்னெச்சரிக்கையாக மூளையை ஸ்கேன் செய்து பார்த்தனர். காயத்தால் கேடொன்றும் இல்லை. ஆனால் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. மூளையின் வலப்பக்க நடுத்தமனியில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு புடைப்பு! படத்தைக் கையில் கொடுத்தவர், "தலைக்குள் ஒரு வெடிகுண்டு இருக்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினாராம். அன்று முதல் அவ்வீட்டில் உறக்கமில்லை. கணவர் குடம் தூக்குவதில்லை; உரக்கப் பேசுவதில்லை; கோயில் பாடற்குழுவில் இருபது ஆண்டுகளாகப் பாடி வந்தவர் பாட்டையும் நிறுத்திவிட்டார். இரவில் அவர் மூச்சு விடுகின்றாரா என்று மனைவி எழுந்து எழுந்து பார்க்கின்றார். தந்தைக்கு முன்னால் வாய்விட்டுச் சிரிப்பதற்கும் பிள்ளைகள் தயங்குகின்றனர்.

கடிதத்தில் மூன்று கேள்விகள் உள்ளன. அப்புடைப்பை உடனே அறுவைச் சிகிச்சையால் நீக்கிவிட வேண்டுமா? மூளையில் வந்தது இருதயத்திலும் வருமா? இரண்டு மகன்களுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இம்மூன்றுக்கும் விடை கூறுவேன். ஆனால், கேள்வியாக அன்றி, போகிற போக்கில் அவர் எழுதியிருக்கும் வேறு இரண்டு வரிகள் என் மனத்தை அதிகமாக உறுத்தின. அவற்றிற்கும் வருவேன்.

முதலில் இந்நோய் யாது என்று அறிந்துகொள்வோம். மருத்துவர் இதனை அனியூரிசம் என்பர். விரிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனிகளின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. நடு அடுக்கில் தசையும், இரப்பரைப் போல் நெகிழ்ந்து மீளும் இழைகளும் உள்ளன. இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. அத்தனை முறையும் இச்சுவர் மோதலைத் தாங்கி விரிந்து மீள்கின்றது. ஏதோ ஓரிடத்தில் அந்நடு அடுக்கு நைந்துபோனால், அவ்விடம் மட்டும் வெளிப்புறமாக உப்பத் தொடங்கும். பழைய சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது ஓரிடம் மட்டும் கொப்புளம்போல் புடைத்து நிற்பதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். ஏறக்குறைய அதுவே இது.

மூளைக்கு இரத்தம் தரும் தமனிகள் அதன் அடிப்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. 1664-ஆம் ஆண்டில் இதனை நூலெழுதி விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் என்பவரின் பெயரால் இதனை வில்லிஸ் வளையம் என்பர். (அந்நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இலண்டனில் தூய பவுல் பேராலயத்தை எழுப்பிய கிறிஸ்டோபர் ரென். கட்டடக் கலைஞருக்கு மூளையும் ஒரு கட்டடமாகவே தோன்றியது போலும்!) இவ்வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் கவடுகளில்தான் இரத்தத்தின் மோதல் மிகுதி. மேலும் மூளைத் தமனிகளின் சுவர், உடலின் ஏனைய தமனிகளின் சுவரினும் மெல்லியது. ஆகவே புடைப்புகள் பெரும்பாலும் இக்கவடுகளிலேயே தோன்றுகின்றன. இதனைப் பிறவிக் குறை என்றே மக்கள் எண்ணுகின்றனர். பெரும்பாலோர்க்கு அவ்வாறன்று. ஆண்டுக்கணக்கில் சுவர் தேய்ந்து, நடுவயதில் உருவாவதே மிகுதி. அத்தேய்மானத்தை விரைவுபடுத்துவன இரண்டு: புகைத்தலும், அடக்கப்படாத இரத்தக் கொதிப்பும்.

இனி அந்த வெடிகுண்டுப் பேச்சுக்கு வருவோம். படத்தை விளக்குவோர் இத்தகைய சொற்களைக் கையாளுதல் தகாது என்பது என் உறுதியான கருத்து. குண்டு என்றால் அது வெடித்தே தீரும், வெடிக்கவென்றே செய்யப்பட்டது. புடைப்பு அத்தகையதன்று. வளர்ந்தோர் நூறு பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய மூவரிடம் இத்தகைய புடைப்பு இருக்கும். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து, வேறு காரணத்தால் முதிய வயதில் இறப்பார்கள். ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஏறக்குறைய ஆறு முதல் பத்துப் பேருக்கே புடைப்பு வெடிக்கின்றது.

ஜப்பான் நாட்டில் 5,720 நோயாளரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 2012-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவுள்ள புடைப்புகளில், ஓராண்டில் வெடித்தவை ஆயிரத்துக்கு நான்குக்கும் குறைவு. 7 முதல் 9 மில்லிமீட்டர் ஆயின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் நூற்றுக்கு நான்குக்கு மேல். 25 மில்லிமீட்டரையும் தாண்டிய பெரும் புடைப்புகளோ ஆண்டுக்கு மூன்றில் ஒன்று வெடித்தன. அளவு சிறிது கூடியதும் ஆபத்து இவ்வளவு ஏறுவானேன்? குழந்தை பலூன் ஊதுவதைப் பாருங்கள். முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். சற்று விரிந்தபின் அதே மூச்சு எளிதாக அதனைப் பெருக்கும். பெருகப் பெருகத் தோலும் மெலியும். அளவோடு இடமும் வடிவமும் எண்ணத்தக்கவை. வழவழப்பான உருண்டையினும், மேலே மொட்டுப் போல் மற்றொரு புடைப்பு முளைத்திருப்பது ஆபத்தானது. நடுத்தமனியில் இருப்பதைக் காட்டிலும், வளையத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் இணைக்கும் சிறு குழாய்களில் இருப்பது ஆபத்தானது.

எனவே, 4 மில்லிமீட்டர், அதாவது ஒரு மிளகினும் சற்றுச் சிறியது, நடுத்தமனியில் இருப்பது என்ற அளவில் மட்டும் பார்த்தால், அதனைத் தொடாமல் கண்காணிப்பதே பெரும்பாலான மூளை அறுவை நிபுணர்களின் அறிவுரையாக இருக்கும். ஏனெனில் சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு. மிகத் தேர்ந்த கைகளிலும் நூற்றுக்குச் சிலருக்குப் பக்கவாதமோ வேறு பாதிப்போ நேர்கின்றது. முதலில் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ, பின்னர் சற்று இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் படமெடுத்துப் பார்ப்பர். வளர்ந்தால் முடிவை மாற்றுவர். "என்ற அளவில் மட்டும் பார்த்தால்" என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இப்பொழுது அவ்விரண்டு வரிகளுள் முதலாவதைச் சொல்ல வேண்டும்.

"என் மூத்த நாத்தனார் ஆறு ஆண்டுகளுக்கு முன் 46 வயதில் தலைவலி வந்து இறந்துபோனார், அந்த நினைவால் பயம் இன்னும் அதிகம்." இது அவ்வரி. அடுத்து அவர் எழுதுவது: கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர், "ஐயோ தலை!" என்று இரு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருமுறை வாந்தி எடுத்தார். வெயிலால் வந்தது என்று கூறி, சுக்குப் பற்றுப் போட்டு, கடையில் வாங்கிய மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தனர். மறுநாள் எழுந்து நடமாடினார். கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அதிகாலையில் மீண்டும் அலறினார். வண்டி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த அம்மையாருக்கு எவரும் ஸ்கேன் எடுக்கவில்லை. ஆகவே காரணம் இதுதான் என்று நான் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் மருத்துவம் பயில்வோர்க்குப் பாடநூலில் கற்பிக்கப்படும் விவரணை வரிக்கு வரி இதுவே. புடைப்பு வெடித்து, மூளையைச் சூழ்ந்துள்ள நீரில் இரத்தம் கலக்கும்போது, தலைவலி இடி விழுந்தாற்போல் வருகின்றது. இந்தச் சொல்லை நான் அழகுக்காகக் கூறவில்லை. சாதாரணத் தலைவலி மெல்லத் தொடங்கி மணிக்கணக்கில் ஏறும். இதுவோ தொடங்கிய சில நொடிகளிலேயே, மிஞ்சினால் ஓரிரு நிமிடத்திலேயே, உச்சத்தை எட்டிவிடும். "என் வாழ்நாளில் இப்படி ஒரு வலி வந்ததில்லை" என்று நோயாளியே கூறுவார். வாந்தி, வெளிச்சத்தைக் காணக் கூச்சம், சிலருக்கு மயக்கம் அல்லது வலிப்பு, சில மணி நேரம் கழித்துக் கழுத்து விறைப்பு ஆகியன தொடரலாம். பின்னர் வலி தணிவதும் உண்டு. அத்தணிவே மிகப் பெரிய ஏமாற்று. வெடித்த வாயை ஒரு சிறு இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கின்றது, அவ்வளவே. அக்கட்டி பிடி விட்டால் இரண்டாம் முறை இரத்தம் பீறிடும். அவ்வாறு நேரும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம். பின்னரும் சில வாரங்கள் வரை உண்டு. இரண்டாம் வெடிப்பில் தப்புவோர் குறைவு. இந்நோயுற்றோருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறக்கின்றனர். பிழைத்தோருள்ளும் பலர் முன்போல் தொழில் செய்ய இயலாதவராகின்றனர்.

ஆகவே இத்தகைய தலைவலி எவருக்கேனும் வந்தால், பற்றும் தைலமும் வேண்டா. ஆஸ்பிரின் அறவே கூடாது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். தூங்கினால் சரியாகிவிடும் என்று விடவும் கூடாது. சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் வலி எவ்வளவு கடுமை என்று விவரிப்பதைவிட, எத்தனை நொடியில் உச்சத்தை எட்டியது என்று கூறுங்கள். அவர் நிமிர்ந்து உட்காருவார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் சி.டி. படத்தில் இவ்விரத்தம் தப்புவது மிக அரிது. காலம் கடந்தால் படத்தில் மங்கிவிடும். அப்போது முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க நேரிடும். "முதுகில் ஊசியா?" என்று உறவினர் மறுத்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்வதுண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள்.

தலைவலியைப் பொருட்படுத்தாது விடுவது நம் கிராமத்தார் மட்டும் செய்வதன்று. 1988 பிப்ரவரியில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் உரையாற்றிவிட்டு விடுதி அறைக்குத் திரும்பிய 45 வயது மேலவை உறுப்பினர் ஒருவர், தலையில் மின்னல் பாய்ந்தாற்போன்ற வலியால் சுருண்டு விழுந்தார். அதற்கு முன் சில மாதங்களாகவே அவருக்குத் தலைவலி இருந்தது. வலி மாத்திரை விழுங்கிக்கொண்டே அரசியல் பயணங்களைத் தொடர்ந்தார். வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் மண்டையைத் திறந்து, கசிந்த புடைப்பை அடைத்தனர். அறுவைக்கு முன் குருவானவரும் அழைக்கப்பட்டார். மறுபக்கத்தில் வெடிக்காத மற்றொரு புடைப்பும் இருந்தது. (ஐவருள் ஒருவருக்கு இவ்வாறு ஒன்றுக்கு மேல் இருக்கும்.) அதனை அவ்வாண்டு மே மாதத்தில் அடைத்தனர். ஏழு மாதங்கள் கழித்து அவர் மேலவைக்குத் திரும்பினார். 2021-இல் தம் 78-ஆம் வயதில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார். அவர்தாம் ஜோ பைடன்.

அடைத்தல் என்றேன், அது எவ்வாறு என்று அறிய விரும்புவோர்க்காகச் சிறிது கூறுகின்றேன். 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை முதன்முதல் கண்ணுக்குக் காட்டினார். பத்தாண்டு கழித்து, 1937 மார்ச் 23-இல், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்ட்டர் டாண்டி, ஒரு புடைப்பின் கழுத்தில் வெள்ளியாலான சிறு கவ்வியைப் பொருத்தி, இரத்தம் அதனுள் புகாதவாறு செய்தார். நோயாளி நலமடைந்தார். அந்நோயாளி எதற்காக வந்திருந்தார் தெரியுமா? வலக்கண்ணின் இமை தொங்கிவிட்டது. கண்ணைச் சுற்றி வலி. புடைப்பு, கண்ணை இயக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இன்றும் இவ்வடையாளம் பெருமதிப்புடையது. ஒரு கண்ணிமை திடீரெனத் தொங்கி, அக்கண்ணின் பாவை விரிந்து, வலியும் இருக்குமாயின், அது கண் மருத்துவத்துக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய நோயன்று; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது. வெடிக்குமுன் புடைப்பு தரும் முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

இன்று கவ்விகள் டைட்டானியத்தால் செய்யப்படுகின்றன. மண்டையைத் திறவாமலே செய்யும் முறையும் உண்டு. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, புடைப்புக்குள் மயிரிழை போன்ற பிளாட்டினச் சுருளை நிரப்பிவிடுவர். இத்தாலியரான குலியெல்மி 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கி வைத்த முறை இது. எது எவருக்கு ஏற்றது என்பது புடைப்பின் வடிவத்தைப் பொறுத்தது. அண்டை வீட்டார்க்கு எது செய்தார்கள் என்பதைப் பொறுத்ததன்று.

மூளையில் உள்ளவர்க்கு இருதயத்திலும் வருமா என்று கேட்டுள்ளீர்கள், சகோதரி. ஒன்று இருந்தால் மற்றது இருந்தே தீரும் என்பதில்லை. பெயர் ஒன்றே, நோய்கள் வேறு. எனினும் அவற்றைப் பற்றியும் அறிந்துகொள்வது நன்று. குறிப்பாகச் சிறு குழந்தைகளின் தாய்மார்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவரான தோமிசாகு கவாசாகி 1961-இல் ஒரு குழந்தையிடம் கண்டு, 1967-இல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதி வெளிப்படுத்திய காய்ச்சல் ஒன்று உண்டு. ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கே பெரும்பாலும் வருவது. ஐந்து நாளுக்கு மேல் கடுங்காய்ச்சல். எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காது. இரு கண்களும் சிவக்கும், ஆனால் பீளை இராது. உதடு சிவந்து வெடிக்கும்; நாக்கு செம்பழம்போல் சிவந்து புள்ளியிடும். உடலில் தடிப்பு, கைகால் வீக்கம், பின்னர் விரல் நுனியில் தோலுரிதல். தட்டம்மை என்று எண்ணி வேப்பிலையோடு இருந்துவிடுவோர் உளர். காய்ச்சல் தானே இறங்கியும்விடும். ஆனால் சிகிச்சை பெறாத குழந்தைகளுள் நால்வரில் ஒருவர்க்கு, இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் சிறு தமனிகளில் புடைப்பு உண்டாகின்றது. அதில் இரத்தம் உறைந்து, சிறுவயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் சிரை வழியே செலுத்தினால், இவ்வாபத்து நூற்றுக்கு நான்கு அளவுக்குக் குறைகின்றது. ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்காத குழந்தையின் கண்ணையும் உதட்டையும் பாருங்கள்.

பெரியவர்க்கு மாரடைப்பால் இருதயச் சுவரின் ஒரு பகுதி செத்து வடுவாகி, அவ்விடம் துடிப்புதோறும் வெளியே பிதுங்குவதும் உண்டு. இவ்வகை வெடிப்பது அரிது. ஆனால் இருதயத்தின் வலுவைத் தின்றுவிடும். உள்ளே இரத்தக் கட்டி தங்கி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். மாரடைப்பை உடனே கவனித்து அடைப்பை நீக்குவதால் இது முன்பு போல் மிகுதியாகக் காணப்படுவதில்லை.

மூன்றாவது பெருந்தமனி. இருதயத்திலிருந்து எழுந்து, மார்பில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்கும் இப்பெருங்குழாய் மார்பில் ஏறக்குறைய 3 செ.மீ. விட்டமுடையது. அது 5.5 செ.மீ. அளவுக்கு விரிந்துவிட்டால், மார்பிலாயினும் ஆண்களுக்கு வயிற்றிலாயினும், அறுவைச் சிகிச்சையைப் பற்றி எண்ணத் தொடங்குவர். மிக உயரமாய், ஒல்லியாய், நீண்ட விரல்களோடு, கண்வில்லை இடம் பெயர்ந்தவராய் இருக்கும் மார்ஃபான் குறையுடையோர்க்கு அதற்கு முன்னரே தேவைப்படும். விரிந்த சுவரின் அடுக்குகளுக்கு இடையே இரத்தம் கிழித்துப் புகுந்தால், மார்பிலிருந்து முதுகின் தோள்பட்டைகளுக்கு நடுவே பாயும் வலி வரும். துணியைக் கிழிப்பதுபோல் என்று நோயாளிகள் கூறுவர். இருதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால், தொடக்கத்தில் ஒவ்வொரு மணி நேரமும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறக்கின்றனர்.

இவ்வறுவையை 1950-களில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஹூஸ்டன் நகரத்து மைக்கேல் டிபேக்கி. நைலான் துணி தேடிக் கடைக்குச் சென்று, அது இல்லாமையால் டேக்ரான் என்ற துணியை வாங்கிவந்து, தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். அத்தகைய குழாய்கள் பின்னர் உலகெங்கும் பெருந்தமனிக்கு மாற்றாகப் பொருத்தப்பட்டன. 2005 டிசம்பர் 31 அன்று, 97-ஆம் வயதில், அதே கிழிசல் அவருக்கே வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அவருடைய முறையிலேயே அவருக்கு அறுவை செய்தனர். நூறாண்டு நிறைய இரண்டு மாதங்களுக்கும் குறைவாக இருக்கையில், 2008 ஜூலையில் காலமானார்.

மற்றொன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் முதலிய ஆன்டிபயாடிக்குகள் பெருந்தமனிச் சுவரை நலியச் செய்யக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. பெருந்தமனிப் புடைப்பு உள்ளோர், வேறு மருந்து இருக்கும்போது இவற்றைத் தவிர்க்க வேண்டும். நம் ஊர்களில் வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் சீட்டின்றியே கடையில் வாங்கி விழுங்குவது இவற்றைத்தான்.

இனித் தங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். கணவரைப் பார்த்த மருத்துவரிடம் மூத்த நாத்தனாரின் இறப்பைப் பற்றிச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அவரும் கேட்கவில்லை போலும். அதனை உடனே சென்று சொல்ல வேண்டும். கிணற்றடி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு, மூன்றாம் நாள் என எனக்கு எழுதியவாறே சொல்ல வேண்டும். ஒரே குடும்பத்தில் இருவர்க்கு இந்நோய் இருப்பின், சிறு புடைப்பும் வெடிக்கும் வாய்ப்பு மற்றவர்க்கு இருப்பதைவிடக் கூடுதல். நான் மேலே தந்த ஜப்பானியக் கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது. அப்போதும் காத்திருக்கலாம் என்றே நிபுணர் கூறக்கூடும். சிகிச்சை செய்துவிடலாம் என்றும் கூறக்கூடும். இரண்டும் நியாயமான முடிவுகளே. ஆனால் அச்செய்தியை அறியாமல் எடுக்கப்படும் முடிவு முடிவாகாது. கொதிப்பு மாத்திரையை ஒருநாளும் விடாதிருக்கச் செய்யுங்கள். மலச்சிக்கலால் முக்கி முனகாமல் கீரையும் பழமும் உண்ணட்டும். குடம் தூக்கலாம், நடக்கலாம். பாடவும் செய்யலாம், பாட்டால் புடைப்பு வெடித்துவிடும் என்று அஞ்சுவதற்கு நியாயமில்லை.

மகன்கள் இருவரும் இன்னும் பள்ளியில் படிப்பவர்கள். இவ்வயதில் புடைப்பு இருப்பது மிக அரிது. இப்பொழுது ஸ்கேன் தேவையில்லை. இருபது வயதைக் கடந்தபின் நிபுணரைக் கேட்டு முடிவு செய்யலாம். அதுவரை அவர்களைப் புகைபிடிக்காமல் காப்பதே அவர்களுக்குச் செய்யத்தக்க சிகிச்சை.

ஆனால் சோதனை செய்துகொள்ள வேண்டியவர் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றார். என்னை உறுத்திய இரண்டாம் வரி அவரைப் பற்றியது. "என் கொழுந்தனார் இதையெல்லாம் நம்புவதில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அண்ணன் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறார்" என்று எழுதியிருக்கின்றீர்கள். உடன்பிறந்த அக்காள் அவ்வாறு இறந்தார். உடன்பிறந்த அண்ணனுக்குப் புடைப்பு இருக்கின்றது. தாமோ நாற்பது வயதில் பீடி பிடிக்கின்றார். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருள் இருவர்க்கு இந்நோய் இருந்தவர்களைச் சோதித்தால், ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் புடைப்பு காணப்படுகின்றது. அத்தகையோர்க்குத்தான் அறிகுறி ஏதுமில்லாதபோதும் படமெடுத்துப் பார்க்குமாறு மருத்துவ உலகம் பரிந்துரைக்கின்றது. எம்.ஆர்.ஐ. முறையில் தமனிகளை மட்டும் காட்டும் படம் போதும். ஊசியும் தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஒருமுறை ஒன்றுமில்லை என்று வந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்விதழை அவரிடம் கொடுங்கள். தாங்கள் சொல்வதைவிட அச்சில் வந்ததற்கு அவர் செவிசாய்க்கக்கூடும். இயலுமானால் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் சென்று வரட்டும். போகும்போது கணவரின் பழைய படத்தையும், குறுந்தகடு கொடுத்திருந்தால் அதனையும், மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். 4 மில்லிமீட்டர் 5 ஆகியிருக்கின்றதா என்பதைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.